டிம்பர்லைன் லாட்ஜில் இரண்டு இரவு: காசுக்குத் தகுந்ததா?

கேள்வி இதுதான். கிள்ளானில் இருக்கும் ஒரு சகோதரி, டிசம்பர் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். கூடவே எழுபதைத் தாண்டிய அம்மா, கணவர், இரண்டு பிள்ளைகள். இங்கே கெந்திங் மலை விடுதியில் காட்டிய செயற்கைப் பனியைத் தவிர யாரும் பனியைத் தொட்டதில்லை. தம்பி வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் ஹூட் மலையில் டிம்பர்லைன் லாட்ஜ் இருக்கிறது, அங்கே இரண்டு இரவு தங்க ஆசை. ஆனால் தங்கியவர்கள் எழுதியதைப் படித்தால் பாதிப் பேர் ஆகா ஓகோ என்கிறார்கள், மீதிப் பேர் இவ்வளவு காசு கொடுத்து இந்தச் சின்ன அறையா என்கிறார்கள். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு பேரையும் நம்பலாம். கோலாலம்பூரிலிருந்து குளிர்நாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்வது என் தொழில். அந்த லாட்ஜில் தங்கித் திரும்பிய நம் ஆட்களிடம் நிறையக் கேட்டிருக்கிறேன். அறைக்காகக் காசு கொடுத்ததாக நினைத்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு வந்தார்கள். சாயங்காலத்துக்காகக் காசு கொடுத்தவர்கள் மறுபடியும் எப்போது போகலாம் என்று கேட்டார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அறை. கட்டடம் 1937-இல் முடிந்தது, அறைகளும் அந்தக் காலத்து அளவுதான். மொத்தம் சுமார் 70 அறைகள். கோலாலம்பூரில் அதே விலைக்குக் கிடைக்கும் ஐந்து நட்சத்திர அறையை மனதில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தால் முகம் சுருங்கத்தான் செய்யும். இரண்டு பெரிய பெட்டிகளை விரித்து வைத்தால் நடக்க இடமிருக்காது. மரச் சுவர்கள், பழைய குழாய்கள். காலையில் பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள் அந்தக் கனத்த காலணியோடு நடைபாதையில் தடதடவென்று போவார்கள். ராத்திரியில் சரிவுகளைச் சமன்செய்யும் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு உறுமும். மலிவாக இருக்கிறதே என்று அடுக்குக் கட்டில் அறையைப் பிடித்துவிடாதீர்கள். அதற்குக் குளியலறை பொது. நடுராத்திரியில் அம்மா எழுந்து நடைபாதையில் கழிவறையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தை முன்பதிவு செய்யும்போது பலர் கவனிப்பதில்லை. அங்கே வருடத்துக்குச் சராசரியாக 500 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டுகிறது. குளிர்காலம் முற்றினால் கீழ்த்தளத்து ஜன்னல்களைப் பனி மூடிவிடும். மலையைப் பார்க்கலாம் என்று போய், திரையை விலக்கினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். வெளிச்சம் அதன் வழியாக நீலமாகக் கசிந்து வரும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை, காட்சிக்காகக் காசு கொடுத்தவருக்கு எரிச்சல். மேல்தளம் கேளுங்கள். வடக்குப் பக்கம் என்றால் ஹூட் மலையின் உச்சி, தெற்குப் பக்கம் என்றால் தூரத்தில் ஜெபர்சன் மலை. மேகம் இறங்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான், எதுவும் தெரியாது. அதற்காகத்தான் ஒரு இரவை விட இரண்டு இரவு நல்லது என்கிறேன்.

சரி, இத்தனை குறை இருந்தும் ஏன் போகச் சொல்கிறேன்? கட்டடத்தின் கதை தெரிந்தால் பாதி விளங்கிவிடும்.

1930-களின் மந்தத்தை நம் குடும்பங்கள் வேறு விதமாக அனுபவித்தன. ரப்பர் விலை விழுந்ததும், மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்த தமிழர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் தாத்தா தலைமுறையில் அந்தக் கதை இல்லாத வீடு குறைவு. அதே மந்தத்தில் அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு, வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க டபிள்யூ.பி.ஏ. என்ற திட்டத்தைத் தொடங்கியது. டிம்பர்லைன் லாட்ஜ் அந்தத் திட்டத்தில் எழுந்ததுதான். 1936 ஜூன் மாதம் வேலை தொடங்கியது. தேர்ந்த கைவினைஞருக்கு மணிக்கு 90 காசு, மற்றவர்களுக்கு 55 காசு கூலி. செலவில் பெரும்பகுதி கூலிக்கே போனது, திட்டத்தின் நோக்கமே அதுதானே. 1937 செப்டம்பர் 28-இல் ரூஸ்வெல்ட்டே மலையேறி வந்து திறந்து வைத்தார். விருந்தினர்களை 1938 பிப்ரவரியில்தான் உள்ளே விட்டார்கள்.

பொருள் வாங்கக் காசு குறைவு, ஆள் பலம் அதிகம். அதனால் கையில் கிடைத்ததையெல்லாம் கைவேலையாக்கினார்கள். பழைய தண்டவாளத்தை வளைத்துக் கணப்பில் விறகு தாங்கும் இரும்பாக்கினார்கள். பனியில் வழுக்காமலிருக்க வண்டி டயரில் மாட்டும் சங்கிலிகள் தேய்ந்ததும், அவற்றைக் கோத்துக் கணப்புக்கு முன்னால் தீப்பொறி தடுக்கும் திரையாக்கினார்கள். தொழிலாளர் முகாம்களின் பழைய கம்பளிகளைக் கீற்றாகக் கிழித்துப் பெண்கள் தரைவிரிப்பு செய்தார்கள். மாடிப்படியில் ஏறும்போது கைப்பிடித் தூணைக் கவனியுங்கள். அவை ஒரு காலத்தில் கம்பி தாங்கிய தேவதாரு மரக் கம்பங்கள். உச்சியில் கரடி, பறவை, கடல்நாய் என்று செதுக்கியிருக்கிறார்கள். எண்பது வருடத்துக்கு மேலாக ஏறி இறங்குகிற ஒவ்வொருவரும் தடவித் தடவி அந்தத் தலைகள் வழுவழுவென்று ஆகிவிட்டன. உங்கள் பிள்ளைகளும் தடவுவார்கள், யாரும் கையைத் தட்டிவிட மாட்டார்கள். தொடாதே என்று பலகை போட்ட அருங்காட்சியகம் இல்லை அது. அறைகளில் தொங்கும் திரைச்சீலை, நாற்காலித் துணி எல்லாம் பழைய வடிவத்தைப் பார்த்துத் திரும்ப நெய்தவை. அதற்கென்றே 1975-இல் தொடங்கிய ஓர் ஆர்வலர் சங்கம் இன்றும் வேலை பார்க்கிறது.

பினாங்குக் கொடிமலையிலும் பிரேசர் மலையிலும் இருக்கும் பழைய பங்களாக்கள் துரைமார் வெயிலுக்குத் தப்பிக் குளிர் அனுபவிக்கக் கட்டியவை. நம் ஆட்கள் அங்கே சுமை தூக்கினார்கள், தோட்டம் பார்த்தார்கள், சமைத்தார்கள். டிம்பர்லைன் ஆரம்பத்திலிருந்தே பொதுச் சொத்து. இன்றைக்கும் அமெரிக்க வனத்துறைக்குத்தான் சொந்தம், ஒரு தனியார் நிறுவனம் அனுமதி பெற்று நடத்துகிறது. நடுவில் நிர்வாகம் சீர்கெட்டு, மின்கட்டணம் கட்டாமல் விளக்கணைந்து கிடந்த காலமும் உண்டு. 1955-இல் ரிச்சர்ட் கோன்ஸ்டாம் என்பவர் எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்தது.

பொதுச் சொத்து என்பதுதான் தங்குபவர்களின் பெரிய மனக்குறைக்கும் காரணம். அறை எடுக்காதவர்களும் உள்ளே வரலாம். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 20 லட்சம் பேர் வந்து போகிற இடம். வார இறுதியில் மத்தியானம் முன்கூடத்தில் உட்கார நாற்காலி கிடைக்காது. ஈரக் காலணி, தலைக்கவசம், ஓடித்திரியும் குழந்தைகள், படம் எடுக்கும் கூட்டம். விலை கொடுத்துத் தங்குகிறவர் இதைப் பார்த்தால் கொதிப்பது நியாயம்தான்.

கொஞ்சம் பொறுங்கள். 45 பாகை வடக்கில், டிசம்பர் கடைசியில், நாலரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஏழு மணிக்கு மேல் இருட்டிப் பழகிய நமக்கு அதுவே அதிசயம். வெளிச்சம் போனதும் பகல் கூட்டம் மெல்ல மெல்லக் கார்களைத் தேடிக் கிளம்பும். ஆறு, ஏழு மணிக்கு மேல் அந்த முன்கூடம் உங்களுடையது. ஆறு பக்கம் கொண்ட கூடம், நடுவில் சுமார் 90 அடி உயரத்துக்கு எழும் கல் புகைபோக்கி. அதைச் சுற்றி இந்தத் தளத்தில் மூன்று, கீழ்த்தளத்தில் மூன்று என ஆறு கணப்புகள். பெரிய பெரிய விறகு எரியும். யாராவது சதுரங்கம் ஆடுவார்கள், யாராவது புத்தகத்தோடு தூங்கிப்போவார்கள். செந்தூலிலிருந்து போன ஒரு பாட்டி, பனியைப் பார்க்கவே மாட்டேன், கால் வலிக்கிறது என்று அடம்பிடித்தவர், இரண்டு சாயங்காலமும் கணப்பை விட்டு நகரவில்லையாம். அறைக்குப் போகச் சொன்னால், நீங்கள் போங்கள், நான் நெருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம், ஏதோ வீட்டில் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர் போல. உங்கள் அம்மாவுக்கு இதைவிட நல்ல இடம் அந்த மலையில் இல்லை.

விறகுக் கணப்பு என்றால் சும்மா இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் கூரைப் பகுதியில் தீப்பிடித்தது, கணப்பிலிருந்து பறந்த பொறிதான் காரணம் என்று சந்தேகித்தார்கள். யாருக்கும் காயமில்லை, சில நாளில் மறுபடி திறந்துவிட்டார்கள்.

நாலரைக்கும் ஏழுக்கும் நடுவே என்ன செய்வது என்றால், நீச்சல்குளம். வெட்டவெளியில் சுடுநீர்க் குளமும் சுடுநீர்த் தொட்டியும் இருக்கின்றன, குளிர்காலத்திலும் திறந்திருக்கும். கழுத்து வரை வெந்நீர், தலையில் பனி விழும். தண்ணீரிலிருந்து எழுந்து கதவு வரை ஓடும் அந்தச் சில நொடிதான் பாடு. குளியலுடுப்பு எடுத்துப் போகாமல் தவித்தவர்கள் பலர். பனிமலைக்கு யார் நீச்சலுடை எடுத்து வைப்பார்கள்?

உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். லாட்ஜ் சுமார் 6,000 அடியில் இருக்கிறது, கெந்திங் உச்சியும் ஏறக்குறைய அதே உயரம்தான். கெந்திங்கில் மூச்சு வாங்காத அம்மாவுக்கு அங்கும் வாங்காது. இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், அது எங்கே போனாலும்தான். ஆனால் கெந்திங்கில் அந்த உயரத்தில் பாசி படர்ந்த காடு. ஹூட் மலையில் அதோடு மரம் நின்றுவிடும், அதற்கு மேல் கல்லும் பனியும்தான். பகலில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே இருக்கும், காற்றடித்தால்தான் கடுமை.

அங்கே விழுவது பசிபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் கனத்த பனி. உலர்ந்த மாவு மாதிரி உதிராது, துணியில் ஒட்டி நனைக்கும். இங்கே பேரங்காடியில் குளிர் உடை வாங்கப் போனால் எது தடிமனோ அதை விற்பார்கள். உங்களுக்குத் தேவை தண்ணீர் புகாத மேலுடையும் காலணியும் கையுறையும். உள்ளே மெல்லிய கம்பளி இரண்டு அடுக்கு போதும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, பிள்ளை அரை மணி நேரத்தில் அழத் தொடங்கும். கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி. கட்டடத்துக்குள்ளே சூட்டுக்குக் காற்று வறண்டு தோல் வெடிக்கும், தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று இருக்கட்டும்.

பனிச்சறுக்கு உங்கள் கேள்வியில் முக்கியமாக இல்லை, நல்லதுதான். பெரியவர்கள் முதல் நாளில் விழுந்து எழுவதிலேயே பொழுது போய்விடும். பிள்ளைகளைக் கட்டாயம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள், தம்பி கற்றுத்தருகிறேன் என்றால் கேட்காதீர்கள். சாமான் வாடகை, வகுப்பு எல்லாம் லாட்ஜுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிய இன்னொரு கட்டடத்தில். புதியவர்களுக்கென்றே மெதுவான சரிவும் கம்பியில் தொங்கியபடி ஆளை மேலே ஏற்றும் ஒரு நாற்காலித் தூக்கியும் இருக்கின்றன, பெயர் புருனோ. அது லாட்ஜின் செல்ல நாயின் பெயர். ஹெய்டி, புருனோ என்று இரண்டு செயின்ட் பெர்னார்ட் நாய்கள், ஒரு தலைமுறை போனால் அடுத்ததற்கும் அதே பெயர்கள். எல்லா நேரமும் கண்ணில் பட மாட்டா, முன்மேசையில் கேட்டுவையுங்கள். மேலே ஏறும் மேஜிக் மைல் என்ற நாற்காலித் தூக்கி 1939-லிருந்து இருக்கிறது, நார்வே இளவரசர் ஓலாவ் தொடங்கி வைத்தது. இன்றிருப்பது புதுப்பித்த வடிவம்.

ராத்திரி வடக்கு ஜன்னலில் மலைமேல் விளக்குகள் வரிசையாக ஊர்ந்து போவதைப் பார்த்தால் பதற வேண்டாம். உச்சிக்கு ஏறுகிறவர்கள் நடுராத்திரியில் கிளம்புவது அங்கே வழக்கம், வெயில் வந்து பனி இளகுவதற்குள் திரும்ப வேண்டுமே. வசந்த காலத்தில் நிறையப் பேர், டிசம்பரில் அபூர்வம்.

பழைய கட்டடம் என்றதும் நம் ஆட்கள் அடுத்துக் கேட்பது பேய். 1980-இல் வந்த ஒரு புகழ்பெற்ற திகில் படத்தில் இந்த லாட்ஜின் வெளித்தோற்றத்தைக் காட்டினார்கள், உள்ளே எடுத்த காட்சிகள் எதுவும் இங்கே எடுத்தவை அல்ல. அந்தப் படத்துக்கு மூலமான நாவலில் வந்த 217-ஆம் எண் அறை இங்கே நிஜமாகவே இருப்பதால், யாரும் தங்க வரமாட்டார்கள் என்று நிர்வாகம் பயந்து எண்ணை மாற்றச் சொன்னது. படத்தில் இங்கே இல்லாத 237 ஆனது. இப்போது 217-ஐத்தான் ஆட்கள் போட்டி போட்டுக் கேட்கிறார்கள். பிரேசர் மலைப் பங்களாவில் படுத்துத் தூங்கியவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

சாப்பாடு சட்டென்று சொல்லிவிடுகிறேன். லாட்ஜின் பெரிய உணவகம் நல்ல உணவகம், விலையும் அப்படியே. ஒரு இரவு அங்கே சாப்பிடுங்கள், இடம் முன்பதிவு செய்யுங்கள். தினமும் என்றால் பணப்பைக்கும் நாக்குக்கும் கஷ்டம். அம்மா சோறில்லாமல் இருக்க மாட்டார் என்றால் தம்பி வீட்டிலிருந்தே புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு போங்கள். போர்ட்லேண்டின் மேற்குப் பக்கம் ஹில்ஸ்பரோவில் இன்டெல் நிறுவனம் இருப்பதால் அந்த வட்டாரத்தில் நம்மவர்களும் இந்தியக் கடைகளும் நிறைய. ஊறுகாய்க்குப் பஞ்சமில்லை.

சாலைதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம். 26-ஆம் எண் நெடுஞ்சாலையில் கவர்ன்மென்ட் கேம்ப் என்ற சிற்றூர் வரை போய், அங்கிருந்து சுமார் 6 மைல் மலைப்பாதை. பனி விழும்போது டயர் சங்கிலி அல்லது குளிர்கால டயர் இல்லாத வண்டியை விடமாட்டார்கள். போர்ட்லேண்ட் நகரத்தில் பனி குறைவு என்பதால் அங்கே பலரிடம் சங்கிலி இருப்பதில்லை, தம்பியை இப்போதே கேளுங்கள். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பலவற்றில் சங்கிலி மாட்டவே அனுமதியில்லை. நான் அனுப்பிய ஒரு குடும்பம் அப்படித்தான் வாடகை வண்டியை நம்பிப் போய், கீழேயே அரைநாள் உட்கார்ந்திருந்தது. வண்டி கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை மேலே வண்டி நிறுத்தத் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். ஸ்னோ பார்க் சீட்டு என்று கேட்டால் வழியில் கடைகளில் கிடைக்கும். ஓட்டப் பயமாக இருந்தால், சேண்டி என்ற ஊரிலிருந்து மலைக்குப் பேருந்து ஓடுகிறது. ஆனால் அம்மாவையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அது சரிப்படுமா என்று நீங்களே பாருங்கள்.

வண்டியிலிருந்து இறங்கிக் கதவு வரை போகும் தூரம்தான் அம்மாவுக்கு ஆபத்து, வழுக்கும். பனி உயர்ந்த மாதங்களில் வாசலுக்குச் சுரங்கம் மாதிரி ஒரு பாதை போடுவார்கள், அதற்குள் போய்விட்டால் பயமில்லை. அம்மாவைக் கதவருகே இறக்கிவிட்டுப் பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் முள்பட்டை மலிவாகக் கிடைக்கும்.

தேதிக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சம், கூட்டமும் உச்சம். நம் விடுமுறை அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால் டிசம்பர் நடுவில் ஒரு திங்கள், செவ்வாய் பாருங்கள். அந்த வாரத்தில் சரிவுகள் முழுவதும் திறக்காமல் இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் விளையாடவும் அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கவும் தேவையான பனி பெரும்பாலும் இருக்கும். பதிவு செய்யும்போது மூன்றைச் சொல்லுங்கள்: மேல்தளம், சொந்தக் குளியலறை, இரண்டு அறையும் பக்கத்துப் பக்கத்தில். ரத்து செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். விசாவை இன்னும் எடுக்கவில்லை என்றால் அறையைத் தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அமெரிக்காவில் விசா விலக்கு கிடையாது.